காரைக்குடியில் மறுபிறவி எடுக்கும் மரங்கள்

தமிழ்நாட்டிலே, திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் தெற்கே ஏறக்குறைய 90 கிலோமீற்றர் சென்றால் காரைக்குடியை அடையலாம். சென்னையிலிருந்து இராமேசுவரம் செல்லும் இருப்புப்பாதையும் இந்நகரைத் தொட்டே செல்கின்றது. பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் வழிபாடு செய்யச் செல்லும் எம்நாட்டு யாத்திரிகர் பலர் இங்கு ஓரிரவு தங்கி, உணவருந்தி, மறுநாட் காலையிற் புறப்பட்டுவிடுகின்றனர். அவர்கள் இன்னும் அரைநாட் பொழுதை ஒதுக்கி, முனீசுவரன் கோயில் தெருவை ஒருமுறை நடந்து பார்ப்பாராயின், ஒரு சமுதாயத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை அங்கே விலைக்கு வைத்திருக்கக் காண்பர்.

இத் தெருவிலே இருபுறமும் பழம்பொருட் கடைகள். பர்மாவின் அரக்குப் பாத்திரங்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த எனாமல் தூக்குச் சட்டிகள், இரவிவர்மாவின் அச்சுப் படங்கள், மங்கிப்போன நிலைக்கண்ணாடிகள், பல்லாங்குழிகள், பித்தளைக் குத்துவிளக்குகள் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. இவற்றுக்கெல்லாம் பின்னால், வெயிலும் நிழலும் கலந்த முற்றங்களிலே, ஆள் உயரத்துக்கு மேற்பட்ட தேக்குத் தூண்கள் சுவரிற் சாய்ந்து நிற்கின்றன. கதவுகள் புத்தகத்தின் ஏடுகள் போல அடுக்கப்பட்டுள்ளன. நிலைகள், சன்னல்கள், போதிகைகள், உத்திரங்கள் என ஒரு வீட்டின் உறுப்புக்கள் யாவும் இங்கு உண்டு, வீடுதான் இல்லை.

இம் மரங்கள் எங்கிருந்து வந்தன? இனி எங்கே போகப்போகின்றன? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் கடந்து வந்த வீடுகள்

காரைக்குடியைச் சூழ்ந்த நிலப்பகுதி செட்டிநாடு எனப்படும். நகரத்தார் என அழைக்கப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் தாயகம் இதுவே. முற்காலத்தில் 96 ஊர்களாக இருந்த இந்நாடு, இன்று 73 கிராமங்களும் இரண்டு நகரங்களுமாக எஞ்சியுள்ளது. மழை குறைந்த, செம்மண் நிறைந்த இப்பூமியில் வேளாண்மையை நம்பி வாழ்தல் அரிது. ஆதலின் இம்மக்கள் வாணிகத்தையும் வட்டித் தொழிலையும் மேற்கொண்டு கடல் கடந்தனர். பர்மா, மலாயா, இந்தோசீனா, இலங்கை ஆகிய நாடுகளிலே அவர்தம் கிட்டங்கிகள் எழுந்தன. கொழும்பிலே செட்டியார் தெரு என்று தமிழர் வழங்கும் வீதியும், அங்குள்ள கதிரேசன் கோயில்களும் அவ்வரவின் சான்றுகளாக இன்றும் விளங்குகின்றன. எம்நாட்டுப் பெருந்தோட்டங்களுக்கு ஒரு காலத்தில் முதல் உதவியோரும் இவர்களே.

1869ஆம் ஆண்டில் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மாவின் நெல் உலகச் சந்தைக்கு விரைந்து செல்லலாயிற்று. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் புதிது புதிதாகக் காடு வெட்டி நெல் விளைவித்த உழவருக்கு வேண்டிய முதலைச் செட்டியார்கள் கடனாக வழங்கினர். அதனால் வந்த செல்வம் ஊருக்குத் திரும்பி வீடாக எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை செட்டிநாட்டிலே மாளிகை கட்டும் வேலை ஓய்ந்ததில்லை. தலைவாயில் ஒரு தெருவிலும் பின்வாயில் அடுத்த தெருவிலுமாக நீண்டு செல்வன அவ்வீடுகள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என ஒன்றன்பின் ஒன்றாக விரியும் அவற்றிலே, தலைவாயிலில் நின்று நோக்குபவரின் பார்வை பின்வாயில் வரை தடையின்றிச் செல்லும்.

இவ்வீடுகளுக்கு வேண்டிய பொருள்கள் பல நாடுகளிலிருந்து வந்தன. சலவைக்கல் இத்தாலியிலிருந்தும், பூவோடுகள் யப்பானிலிருந்தும், சரவிளக்குகள் பெல்ஜியத்திலிருந்தும் வந்தன. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. முதிரை எமது இலங்கையிலிருந்தே சென்றது. வன்னிக் காட்டிலும் கீழ்மாகாணக் காட்டிலும் விளையும் அந்தப் பொன்னிற மரத்தை எம்மவர் நன்கு அறிவர். ஒரு கன அடித் தேக்கு ஏறக்குறைய 18 கிலோகிராம் நிறையுடையது. முதிரையோ 27 கிலோகிராமை எட்டும். தச்சரின் உளியை மழுங்கச் செய்யும் அவ்வன்மரம் ஒருமுறை இழைக்கப்பட்டால் பட்டுப்போல் மின்னும்.

நின்றபடியே இறந்த மரங்கள்

பர்மாத் தேக்கின் பெருமைக்குக் காரணம் அது வெட்டப்பட்ட முறையிலும் உண்டு. 1856ஆம் ஆண்டு பெகு நாட்டு வனங்களின் பொறுப்பை ஏற்ற டீட்ரிச் பிராண்டிஸ் என்னும் ஜேர்மானியர், குறித்த பருமனை அடைந்த முதுமரங்களை மட்டுமே வெட்டலாம் என்னும் ஒழுங்கை அங்கு நிலைநாட்டினார். அவ்வாறு தேர்ந்தெடுத்த மரத்தையும் உடனே வீழ்த்துவதில்லை. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதன் உள்ளே உள்ள வெளிறையும் வளையமாக வெட்டிவிடுவர். நீரோட்டம் அறுந்த மரம் நின்றபடியே இறந்து, இரண்டு மூன்று ஆண்டுகள் வெயிலில் உலரும். பச்சைத் தேக்கு நீரில் மிதவாது; உலர்ந்த தேக்கே மிதக்கும். ஆதலால் ஆற்றின் வழியே மரத்தைக் கொண்டுசெல்ல வேண்டியவர்கள் இவ்வழியைக் கையாண்டனர். பின்னர் யானைகள் அதனை ஓடைவரை இழுத்துவந்து சேர்க்கும். மழைக்கால வெள்ளம் அதனைப் பேராற்றிற் கொண்டுபோய் விடும். தெப்பங்களாகப் பிணைக்கப்பட்டு இரங்கூன் வந்து, அறுக்கப்பட்டுக் கப்பலேறும்போது அது வெட்டுண்டு பல ஆண்டுகள் கழிந்திருக்கும்.

இங்ஙனம் நூறாண்டுக்கு மேல் மெல்ல வளர்ந்து, மெல்ல உலர்ந்து, பின்னும் நூறாண்டு வீட்டுக் கூரையின்கீழ் நின்ற மரத்துக்கு இணையாக, இருபது முப்பது ஆண்டிலே வெட்டப்படும் தோட்டத் தேக்கைச் சொல்ல இயலாது. அத்தகைய முதுமரத்தைப் புதிதாகப் பெறுதலும் இன்று எளிதன்று. மியன்மார் அரசு 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதியிலிருந்து அறுக்கப்படாத மரங்களின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. ஆகவே பழந்தேக்கு வேண்டுவோர் காட்டை விட்டுப் பழைய வீட்டை நாடினர்.

வீடு விழுவதேன்?

1930ஆம் ஆண்டை ஒட்டி வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்லின் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்பித்தர இயலாத உழவரின் நிலங்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன. 1938ஆம் ஆண்டளவில் கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் நாலிலொரு பங்கு வயல் அவர்களிடம் இருந்தது. வட்டிக்காரரிடம் நிலம் சேர்ந்தது கண்டு பர்மிய மக்களின் சினம் மூண்டதில் வியப்பில்லை. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது இந்தியர் பல இலட்சம் பேர் ஊரை விட்டோடினர். காட்டுவழியே நடந்து வந்தோர் பலர். வழியில் மாண்டோரும் பலர். விடுதலையடைந்த பர்மா 1948இல் நில உடைமைச் சட்டத்தை இயற்றியது. 1962இல் இராணுவ ஆட்சி வந்தபின் எஞ்சியிருந்த வாணிகமும் முடிவுற்றது.

செல்வம் வந்த வழி அடைபட்டது. ஆனால் அச்செல்வத்தால் எழுந்த வீடுகள் நின்றன. ஓட்டைப் பராமரிக்கவும், சுண்ணாம்புச் சாந்தைப் புதுக்கவும், நூறு கதவுகளை ஆண்டுதோறும் துடைத்து எண்ணெயிடவும் பெரும் பொருள் வேண்டும். மேலும், வளவைச் சுற்றியுள்ள அறைகள் திருமணமான ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாக உரியவை. மூன்று தலைமுறை கடந்தால் ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமை பூணுவர். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில் வாழ்வார். திருமணத்துக்கும் படைப்புக்கும் ஒன்றுகூடும் அவர்களுள் ஒருவர் செலவிட விரும்பினும் மற்றவர் இசையார். இசைவு வருமுன் ஓடு உடைகின்றது. ஓடு உடைந்தால் மழைநீர் உத்திரத்தின் தலைப்பில் இறங்குகின்றது. உள்வயிரம் கறையானுக்கு அஞ்சாது. எனினும் நீர் தேங்கிய முனை மெல்ல உளுத்துப்போகின்றது. ஈற்றில் ஒப்பந்தக்காரர் வந்து வீட்டை மொத்தமாக விலைபேசுகின்றார். காற்றாடக் கட்டிய வீடு, ஓடு, கைமரம், உத்திரம், கதவு, தூண் என வகைவகையாகப் பிரிந்து லொறியேறுகின்றது.

பட்டறையிலே ஒரு முற்பகல்

கடைத்தெருவுக்கு அப்பால், ஒரு சந்தின் முடிவிலே, கீற்றுக் கொட்டகையொன்றில் தந்தையும் இரு புதல்வரும் நடத்தும் தச்சுப் பட்டறையொன்றைக் கண்டோம். தந்தைக்கு எழுபதை அண்டிய வயது. அவருடைய தந்தையார் இப்பகுதி வீடுகளுக்குக் கதவு செதுக்கியவர். பாட்டன் செய்த கதவைப் பேரன் மேசையாக்கும் காலம் இது.

அன்று காலை வந்திறங்கிய உத்திரமொன்றை மூத்த மகன் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். புகையும் எண்ணெயும் படிந்து அது கரிபோற் கறுத்திருந்தது. தந்தையார் கொட்டாப்புளியால் அதனை ஓரத்திலிருந்து ஓரம்வரை மெல்லத் தட்டினார். ஓசை ஓரிடத்திற் கணீரென்றும், பிறிதோரிடத்தில் மந்தமாகவும் கேட்டது. மந்தமாகக் கேட்ட முனையில் ஒரு முழத்தைக் கழித்துவிடுமாறு கைகாட்டினார். இளைய மகன் நூலிலே கட்டிய காந்தமொன்றை மரத்தின்மேல் நகர்த்திச் சென்றார். அது எங்கே சாய்ந்ததோ அங்கே சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். மரத்தினுள் புதைந்த ஒரே ஓர் ஆணி வாளின் பற்களையெல்லாம் கெடுத்துவிடும். இயந்திர வாளாயின் ஆளுக்கே ஆபத்து. ஆணி பிடுங்கிய துளையைச் சுற்றி மரம் மைபோற் கறுத்திருந்தது. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் கூடிய கறை அது. அதனை அவர்கள் முற்றாக நீக்குவதில்லை. மரம் முன்னர் என்ன வேலை செய்தது என்பதற்கு அதுவே சாட்சியாம்.

பின்னர் இழைப்புளி ஓடிற்று. இரண்டு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இராது. கரிய தோல் சுருள் சுருளாகக் கழன்று விழ, தேன்நிறத் தேக்கு வெளிப்பட்டது. எண்ணெய் கலந்த தேக்கின் மணம் கொட்டகையெங்கும் பரவிற்று. நூறாண்டு வெளிக்காற்றில் நின்ற மரம் தன் மணத்தை உள்ளே காத்துவைத்திருந்தது.

இத்தகைய மரத்தில் நினைத்ததை நினைத்தபடி செய்ய முடியாது. முன்னைத் தச்சன் வெட்டிய துளைகளும் காடிகளும் ஆங்காங்கே இருக்கும். அவற்றை மறைப்பதா, அடைப்பதா, புதிய வேலைக்குப் பயன்படுத்துவதா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். உத்திரம் நீள் இருக்கையாகின்றது. கைமரங்கள் மேசைக் கால்களாகின்றன. இரட்டைக் கதவு கிடையாக வைக்கப்பட்டு உணவு மேசையாகின்றது. சன்னற் சட்டம் நிலைக்கண்ணாடிக்குச் சட்டமாகின்றது. பொருத்துகளுக்கு ஆணி கிடையாது. ஒரு மரத்திற் துளையும் மற்றதிற் கழுந்தும் வைத்துச் சேர்த்து, மூங்கில் முளையால் இறுக்கிவிடுகின்றனர். பலகை மூலைகளிலே புறாவின் வால்போல் விரிந்த பொருத்து. ஈற்றில் சாராயத்திற் கரைத்த அரக்கைத் துணியில் தோய்த்துப் பலமுறை பூசி மெருகேற்றுகின்றனர். ஒரு மேசை முடிய மூன்று வாரமாவது செல்லும் என்றார் மூத்தவர்.

பூசையறைக் கதவு வந்தால் அதனைக் கட்டிலாகவோ காலடிப் பலகையாகவோ செய்வதில்லை என்பது இப்பட்டறையின் வழக்கம். கசலட்சுமி செதுக்கிய மேல்நிலை அதே வடிவிலேயே வேறொரு வீட்டின் வாயிலுக்குச் செல்லும். அதற்கு ஆள் வரும்வரை அது கொட்டகையின் உயரத்திலே காத்திருக்கும். அவ்வாறு காத்திருக்கும் மேல்நிலைகள் மூன்றைக் கண்டோம்.

பெரியவரின் விடை

இவ்வேலையின் திறனை வியந்து நின்ற எமக்கு, ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. சற்றுத் தயங்கி அதனைக் கேட்டோம்: “ஆசாரியாரே, நீங்கள் செய்வது இம்மரத்தைக் காக்கும் பணியா, அல்லது வீட்டை இடிக்க உதவும் பணியா?”

மகன் இருவரும் வேலையை நிறுத்தி நிமிர்ந்தனர். பெரியவர் சினங்கொள்ளவில்லை.

“ஐயா, நான் சிறுவனாக இருந்தபோது இடித்த வீட்டின் கைமரத்தைச் செங்கற் சூளைக்கு விறகாக ஏற்றிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால் நாங்கள் காப்பவர்கள்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன். எந்த வீட்டையும் நாங்கள் இடிப்பதில்லை. நல்ல விலைக்கு வாங்க நாங்கள் இருக்கிறோம் என்று தெரிந்தபின், இடிப்பவருக்குத் துணிவு வருகிறது. அதுவும் உண்மைதானே?”

இவ்விடையிலே பழம்மரத் தொழிலின் அறமும் இடரும் ஒருங்கே அடங்கியுள்ளன. விழுந்த வீட்டின் மரத்துக்கு மதிப்பு இல்லையேல் அது விறகாகும். மதிப்பு மிகுந்தாலோ, நிற்கும் வீடே விழுந்த வீடாக்கப்படும். பெருநகர்களிலே பழந்தேக்குத் தளபாடம் நாகரிகமாகிய பின்னர், ஒரு தூணின் விலை அதனைத் தாங்கிய கூரையின் பராமரிப்புச் செலவோடு போட்டியிடுகின்றது. பங்காளிகளுக்குள் இசைவில்லாத வீட்டில் இப்போட்டி எப்படி முடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனினும் பெரியவர் அதனோடு நிறுத்தவில்லை. கொட்டகையின் மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே புதுமேசைகள் இல்லை. உளுத்த தலைப்பு நீக்கப்பட்ட உத்திரமொன்றுக்கு, வேறொரு வீட்டின் தேக்குத் துண்டு ஒட்டாகப் பொருத்தப்பட்டுக் கிடந்தது. அயலூரில் இன்னும் நிற்கும் வீடொன்றின் உத்திரம் அது. விழுந்த வீட்டின் மரத்தால் நிற்கும் வீட்டைத் தாங்கும் வேலை. மேசை செய்தால் வரும் ஆதாயம் இதிலே வராது. ஆனால் வேலை வந்தால் மேசையை ஒத்திவைத்து இதனையே முதலிற் செய்வதாக மூத்த மகன் சொன்னார். தேக்கு தேக்கோடு சேரும், நூறாண்டு உலர்ந்த மரத்தோடு புதுமரத்தைச் சேர்த்தால் ஒன்று சுருங்க ஒன்று நிற்கும், பொருத்து விட்டுப்போகும். ஆகவே பழைய வீட்டைப் புதுக்கப் பழைய மரமே வேண்டும். இத்தொழிலின் மிகச் சிறந்த பயன் இதுவே என எமக்குத் தோன்றிற்று.

இத்தகைய வேலைக்கு இன்று இடமும் உண்டு. கானாடுகாத்தான் முதலிய ஊர்களிலே சில மாளிகைகள் விருந்தினர் விடுதிகளாக மாற்றப்பட்டுச் செப்பனிடப்பட்டுள்ளன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக்கான தற்காலிகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. பட்டியல் ஓட்டைச் செப்பனிடாது என்பது மெய்யே. ஆயினும் விருந்தினர் வந்து தங்கும் வீட்டில் ஓடு மாற்றப்படுகின்றது, தச்சர் அழைக்கப்படுகின்றார்.

வாங்குவோர் அறியவேண்டுவன

இத்தெருவிற் பொருள் வாங்க விரும்பும் குடும்பத்தினருக்குச் சில குறிப்புக்கள் பயன்படும். பழையது போலத் தோற்றும் யாவும் பழையன அல்ல. புதுமரத்துக்குச் சாயமிட்டு முதுமை ஏற்றுவோரும் உண்டு. மேசையைத் தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். கைவாளால் அறுத்த பழம்பலகையின் அடிப்பக்கத்திற் கோடுகள் நேராகவும் ஒழுங்கற்றும் இருக்கும். இயந்திர வட்டவாளின் தடம் பிறைபோல் வளைந்திருக்கும். மேற்பரப்பை மட்டும் முதுமையாக்கியவர் அடிப்பக்கத்தை மறந்திருப்பர். உண்மைப் பழமரத்தின் தேய்மானம் காரணத்தோடு இருக்கும். கதவு கைபடும் இடத்திலேதான் தேயும். வெற்றுத் துளையொன்று காணப்பட்டால் அங்கு முன்னர் என்ன பொருந்தியிருக்கும் என்று கேளுங்கள். அறிந்த தச்சர் விடை சொல்வார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, இம்மரம் எவ்வூர் வீட்டினது, அவ்வீடு எவ்வாறு விழுந்தது என்று கேளுங்கள். வாங்குவோர் பலர் கேட்கத் தொடங்கினால் விற்போரும் விடையைத் தேடி வைத்திருப்பர். கேளாது வாங்கும் ஒவ்வொரு தூணும், இன்னொரு வீட்டின்மீது விலைபேசுவோருக்கு ஊக்கமாகும்.

இச்செய்தி எமக்கு அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. போர்க்காலத்திலே எம் வடபகுதியில், மக்கள் இடம்பெயர்ந்த பின்னர், கதவும் நிலையும் கூரைமரமும் பறிபோய் வெறுஞ் சுவர்களாய் நின்ற வீடுகளைக் கண்டவர் நம்மிடையே பலர். 2009க்குப் பின்னர் திரும்பிச் சென்று, தம் பாட்டனார் இட்ட வேப்பமரக் கதவு இருந்த இடத்தில் வெற்று வாயிலைக் கண்ட முதியோரும் உளர். மரம் ஒரு வீட்டை விட்டு நீங்குவது எத்தகைய இழப்பு என்பதை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அப்போரைத் தாண்டி நிற்கும் நாற்சார் வீடுகள் சில இன்றும் ஊர்களில் உண்டு. அவற்றின் உரிமையாளர் பல நாடுகளிற் பிரிந்து வாழ்கின்றனர்; செட்டிநாட்டுப் பங்காளிகளின் நிலையே அவர்களுடையதும். இவ்வாண்டு மழைக்கு முன்னர் உடைந்த ஓடு நான்கை மாற்றுவதற்கு உடன்பிறந்தோர் இசைந்தாரானால், தீராந்தி இன்னும் ஒரு தலைமுறை நிற்கும்.

பழமரத்தால் ஆகிய மேசை அழகியது. அதனைச் செய்யும் கைகள் போற்றத்தக்கன. அம்மேசையை நாடிச் செல்லுமுன், நம் வீட்டுக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுச் செல்வோமாக.